பேதுரு எப்படி அழுதார்

பேதுரு அழுதார். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எப்படி அழுதார் என்பதில்தான் மூன்று பேர் எட்டு மாதமாகக் குடுமிப்பிடிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மூவரில் ஒருவருக்குத் தலையில் முடியே கிடையாது என்பது வேறு விஷயம்.

புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்திலிருந்து புதிதாகத் தமிழாக்கும் குழு அது. வேலை தொடங்கிப் பதினொரு வருடம். முதல் வரியிலிருந்து கடைசி ஆமென் வரைக்கும் முடிந்து, பக்கம் கட்டி, அச்சகத்துக்குப் போகத் தயாராக இருந்தது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. சேவல் கூவுகிறது. 'அந்த ஆளை எனக்குத் தெரியாது' என்று மூன்று தடவை சொல்லிவிட்ட பேதுருவுக்கு, 'சேவல் கூவுமுன் மூன்று தடவை என்னைத் தெரியாது என்பாய்' என்று குரு முன்பே எச்சரித்த வார்த்தை நினைவுக்கு வருகிறது. அதற்குப் பிறகு, ஒரு 'உம்'மைக் கழித்தால், இரண்டே இரண்டு கிரேக்கச் சொற்கள். இரண்டாவது, 'அழுதுகொண்டிருந்தார்'. அது யாரையும் படுத்தவில்லை. முதலாவது, எபிபலோன். அதுதான் உயிரை வாங்கியது.

எபிபலோன் என்றால் 'மேலே போட்டு'. எதைப் போட்டு? எதன்மேல் போட்டு? எழுதியவர் சொல்லவில்லை. படகின்மேல் அலை அடிப்பதற்கும் இதே வினைதான், பழைய துணியில் ஒட்டுப் போடுவதற்கும் இதே வினைதான், ஒருவனைப் பிடிக்க அவன்மேல் கை போடுவதற்கும் இதே வினைதான். இந்த இடத்தில் அது வினையெச்சமாக நிற்கிறது, போட்டவர் பேதுரு, அவ்வளவுதான் இலக்கணம் சொல்லும். மிச்சத்தை நீயே பார்த்துக்கொள் என்று கைகழுவிவிடும்.

தலைவர் ஓய்வுபெற்ற போதகர். "போர்வையை எடுத்துத் தலைமேல போட்டுக்கிட்டு அழுதார். ஆம்பள அழுதா அப்படித்தான் அழுவான்" என்பது அவர் கட்சி. புலவர் தமிழ் நடை பார்ப்பவர், கிரேக்கத்தில் ஓர் எழுத்து தெரியாது. "அழத் தொடங்கினார். காதுக்கு எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க!" என்பது அவர் கட்சி. மூன்றாவது, கிரேக்கம் சொல்லிக்கொடுத்தே இருபத்திரண்டு வருடம் தொண்டை கட்டிப்போன டீச்சர். "அதை எண்ணிப் பார்த்து அழுதார்" என்பது அவள் கட்சி. அது அலுவலகக் கடிதம் மாதிரி இருக்கிறது என்பது அவளுக்கே தெரியும். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

இதற்கு நடுவில் 'அழுதாரா, அழுதானா' என்று மரியாதை விகுதிக்காக இரண்டு அமர்வுகள் பாழாய்ப் போயின.

"ஏம்மா, அவர் அழுதாரா இல்லையா?" என்று காலையில் செருப்பை மாட்டும்போது அவள் கணவர் கேட்டார். பூட்டுச் சாவிக் கடை வைத்திருப்பவர். எதுவும் ஐந்து நிமிடத்தில் திறக்க வேண்டும் அவருக்கு.

"அழுதார்."

"அப்ப அழுதார்னு போட்டுட்டு வீட்டுக்கு வா."

டீச்சர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பேருந்தில் இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை நான்கு விதமாக யோசித்தாள். நான்கும் மொக்கையாக இருந்தன.

குழுவின் அறை இரண்டாம் மாடியில் இருந்தது. மின்தூக்கி ஓடுவதில்லை. ஓடாத மின்தூக்கிக்குள் விற்காத புத்தகக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அறையில் ரெக்சின் விரித்த நீள மேசை, முதுகில் பழுப்பு நாடா ஒட்டிய அகராதிகள், நான்கு நாற்காலிகள். நான்காவது நாற்காலியில் எட்டு மாதமாகப் புலவரின் பை உட்கார்ந்திருந்தது.

அந்த நாற்காலிக்காரரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் "முதல்ல வேரப் பார்ப்போம்" என்று ஆரம்பிப்பதால் அவருக்கு வேர்க்காரர் என்று பெயர். டீச்சருக்கு மட்டும் அண்ணா. கூடப் பிறந்தவர் இல்லை. அவளுக்கு மஞ்சள் காமாலை வந்து நான்கு மாதம் படுத்திருந்தபோது, அவள் பங்கு நிருபக் கடிதங்களையும் சேர்த்து மொழிபெயர்த்துவிட்டு, அவள் பெயரையே போட்டுக் கொடுத்தவர். அதை அவர் சொல்லி அவளுக்குத் தெரியாது. அவர் மனைவி சொல்லித்தான் தெரியும்.

போன வருடம் நால்வரும் ஒரு முடிவெடுத்தார்கள். படித்தவர்கள் நாலு பேர் தலையாட்டினால் போதுமா, சாதாரண ஜனங்களுக்குப் புரிகிறதா என்று பார்க்க வேண்டாமா? மருத்துவமனை வார்டில் படுத்திருப்பவர்களுக்கு வாசித்துக் காட்டலாம் என்று பேசினார்கள். அச்சாவதற்கு முன் வரைவு வெளியே போகக் கூடாது என்பது புத்தகத்தை வெளியிடும் சங்கத் தலைமையகத்தின் விதி. "யாரு கண்டுபிடிக்கப்போறா?" என்றவர் தலைவர். "நானே கொண்டுபோறேன்" என்றவர் வேர்க்காரர். எந்தப் பகுதி என்று பக்கங்களைப் பிரித்துக் கட்டிக் கொடுத்தவள் டீச்சர்.

வார்டில் யாரோ ஒரு பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். வேதத்தையே மாற்றுகிறார்கள் என்று ஊரெல்லாம் புகைந்தது. தலைமையகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர், மூச்சு வாங்கும் உடம்பு. படியேறும்போது பாதியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வந்த டீச்சரிடம் சாதாரணமாகக் கேட்டார்: "வெளிய எடுத்துட்டுப் போறது உங்களுக்குத் தெரியுமாங்க?"

"தெரியாதுங்க" என்றாள் டீச்சர்.

அடுத்த படியில் கால் வைப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். பயந்தாள், அவ்வளவுதான். பதினொரு வருட வேலை, முன்பக்கத்தில் வரப்போகும் பெயர், எல்லாம் போய்விடுமே என்று பயந்தாள். மேலே போய் அதையே தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள். தலைவர் தனக்கு நினைவில்லை என்று எழுதினார். புலவர் தன் வேலை நடை மட்டுமே என்று எழுதினார். "நாலு பேரும் பேசித்தான் செஞ்சோம்" என்று சொன்ன ஒரே ஆள் பொய்யன் ஆனார். அன்றே நீக்கிவிட்டார்கள். முன்பக்கப் பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்தார்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அதே வாரம் மூவரும் பேதுருவிடம் வந்து நின்றார்கள். இந்தப் பொருத்தம் கண்ணில் படாத அளவுக்கு டீச்சர் மக்கு இல்லை. இதை யாராவது பிரசங்கத்தில் கதையாகச் சொன்னால், "போதும் சாமி, புரிஞ்சுபோச்சு" என்று சனங்கள் பாதியில் எழுந்து போவார்கள். புரிந்துதான் என்ன? புரிந்துகொண்டே எட்டு மாதம் அகராதி புரட்டினாள். தலைவரைப் பார்த்தால் எரிச்சல், புலவரைப் பார்த்தால் எரிச்சல், பேதுருவைப் பார்த்தால் எல்லாவற்றையும்விட எரிச்சல். அந்த மனிதராவது உடனே வெளியே போய் அழுதுவிட்டார். இவளுக்கு ஒரு சொட்டு வரவில்லை. அண்ணாவின் வீட்டுப் பக்கம் போகிற பேருந்தில்கூட ஏறுவதில்லை.

ஒன்பதாவது அமர்வு பத்து மணிக்குத் தொடங்கியது. பதினொன்றரைக்குப் போர்வை மூன்றாவது சுற்று வந்துவிட்டது.

"ஐயா, போர்வை மூலத்துலயே இல்ல" என்றாள் டீச்சர்.

"எண்ணமும்தான் இல்ல. நீங்க மட்டும் எண்ணிப் பார்த்துன்னு சேக்கலியா?"

"ரெண்டுமே இல்லாததுதான் என்னோடது" என்றார் புலவர் பெருமையாக.

"உங்களோடதுல சொல்லே இல்லையே, புலவரே!" என்றாள் டீச்சர்.

தலைவர் மேசையைத் தட்டினார். "அச்சகத்துலேர்ந்து தினம் ரெண்டு தடவ ஃபோன் வருது. என்னால மாளல. சீட்டு முறைக்குப் போயிடுவோம்."

சீட்டு முறை என்பது இந்தக் குழுவின் பழக்கம். ஆளைப் பார்த்து அடித்துக்கொள்ளாமல் சொல்லை மட்டும் பார்ப்பதற்காகத் தலைவரே கொண்டுவந்தது. அவரவர் தம் தமிழாக்கத்தைத் தட்டச்சரிடம் தனித்தனியே சொல்ல வேண்டும். கையெழுத்து காட்டிக்கொடுக்கும் என்பதால் அவர் பெயரில்லாமல் தட்டச்சு செய்து பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்குவார். பிறகு ஒவ்வொன்றாக வாசிப்பார். எல்லோரும் ஒருமனதாக ஒன்றை ஏற்றால் மட்டுமே, எழுதியவர் 'என்னுடையது' என்று சொல்லலாம். பதிவேட்டில் 'முன்மொழிந்தவர்' என்ற கட்டத்தில் பெயர் ஏறும். மூவரும் கையெழுத்திட்டால்தான் வசனம் அச்சுக்குப் போகும்.

தட்டச்சர் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்த, சொன்னதை மட்டும் செய்கிற மனிதர். டப்பாவைக் குலுக்கினார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வாசித்தார்.

"போர்வையைத் தலைமேல் போட்டுக்கொண்டு அழுதார்."

புலவர் உச்சுக் கொட்டினார்.

"அவர் அழத் தொடங்கினார்."

தலைவர் சன்னலைப் பார்த்தார்.

"அதன்மேலேயே விழுந்து அழுதுகொண்டிருந்தார்."

"இன்னொரு தடவ வாசிங்க, முன்னாடி வரியோட சேத்து" என்றார் தலைவர்.

"அந்த வார்த்தை அவருக்கு நினைவுக்கு வந்தது. அதன்மேலேயே விழுந்து அழுதுகொண்டிருந்தார்."

டீச்சர் அதைக் கிரேக்கத்தோடு ஒத்துப் பார்த்தாள். மேலே போடுவது இருந்தது. போட்டவர் பேதுருவாகவே இருந்தார். தன்னையே போட்டிருந்தார், அந்த வார்த்தையின்மேல். இருபத்திரண்டு வருடம் வினையெச்சம் கற்பித்தவளுக்கு இது ஏன் தோன்றவில்லை? தன் பழைய கட்சியோடு இதையும் இன்னொரு சீட்டில் போட்டிருக்கிறார் புலவர், கிரேக்கம் தெரியாதவருக்குத் தோன்றியிருக்கிறதே என்று பொறாமையும் வந்தது.

"இதுதான்" என்றாள்.

"இதேதான். செத்த வீட்ல உடம்பு மேல விழுந்து அழுவாங்களே, அது" என்றார் புலவர். அவர் அதை டீச்சருடையது என்று நினைத்தார்.

"எனக்கும் சம்மதம். போர்வையை நான் விட்டுடுறேன்" என்றார் தலைவர். அவர் போர்வையை விட்டதற்கே ஒரு விழா எடுக்கலாம். "சரி, யாரோடது? சொல்லுங்க."

புலவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் புலவரைப் பார்த்தாள். இருவரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன தன்னடக்கம் வேண்டிக்கெடக்கு? நேரமாகுது" என்று எரிந்து விழுந்தார்.

"இன்னொரு சீட்டு பாக்கி இருக்குங்களே" என்றார் தட்டச்சர். "அதை எண்ணிப் பார்த்து அழுதார்."

அது டீச்சருடையது. ஆக, மூன்று பேர், நான்கு சீட்டு.

"எப்படிய்யா நாலு வரும்?" என்றார் தலைவர்.

தட்டச்சர் பதறவில்லை. "விதிப்படிதாங்க. திரும்ப வாங்காத சீட்டு நிலுவை உறையில இருந்தா, அதையும் சேர்த்துப் போடணும்னு நீங்கதான் எழுதி வெச்சிருக்கீங்க. எட்டு மாசம் முன்னாடி இந்த வசனத்துக்குச் சீட்டு வாங்கினோம். டப்பாவுல போடறதுக்குள்ள விசாரணைன்னு தலைமையகத்துக் கடிதம் வந்து கூட்டம் நின்னுபோச்சு. நீங்க மூணு பேரும் உங்க சீட்ட வாங்கிக்கிட்டீங்க. அவர் வாங்கிக்கல."

அவர் எப்படி வாங்கிக்கொள்வார்? நீக்கிய பிறகு அவரைப் படியேறவே விடவில்லை.

புலவர் நான்காவது நாற்காலியிலிருந்து தன் பையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

முதலில் சுதாரித்தவர் தலைவர். "சரி. நல்ல சொல்லு நல்ல சொல்லுதான். முன்மொழிந்தவர் 'குழு'ன்னு போட்டுக்கோங்க. கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவோம்."

"குழுவா?" என்றாள் டீச்சர்.

"பின்ன? நீக்கப்பட்டவர் பேரு பதிவேட்ல ஏறக் கூடாது."

"அவரோட சொல்லு மட்டும் ஏறலாமா?"

"டீச்சர், ஏன் சும்மா போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கறீங்க? ஒரு கையெழுத்து. பதினோரு வருஷ வேலை முடிஞ்சுது. அந்த அதிகாரி கேட்டா யாரோடதுன்னு தெரியாதுன்னு சொல்லிட்டாப் போச்சு."

தெரியாதுன்னு சொல்லிட்டாப் போச்சு. எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்! டீச்சருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேல் மட்டும் வந்திருந்தால் நிம்மதியாகக் கத்தியிருக்கலாம். இதே வார்த்தையைப் படிக்கட்டில் வைத்துச் சொன்னவள் அவள்தான். இன்று கையெழுத்துப் போட்டால் புத்தகம் வரும், முன்பக்கத்தில் அவள் பெயர் இருக்கும், உள்ளே அண்ணாவின் சொல் அனாதையாகக் கிடக்கும். போடாவிட்டால் பதினொரு வருடமும் அம்போ.

"தட்டச்சரே, ஒரு தாள் ஏத்துங்க" என்றாள்.

"எதுக்குங்க?"

"நான் சொல்றத அடிங்க. அப்படியே அடிங்க."

அவள் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். 'அதன்மேலேயே விழுந்து அழுதுகொண்டிருந்தார்' என்ற தமிழாக்கம் நீக்கப்பட்ட உறுப்பினருடையது. வரைவை நோயாளிகளுக்கு வாசிப்பதென்று நால்வரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். பக்கங்களைக் கட்டிக் கொடுத்தவள் நான். எனக்குத் தெரியாது என சொன்னது பொய்.

நான்கே வாக்கியம். தட்டச்சர் கடைசி வரியில் ஒரு கணம் விரலை நிறுத்தி அவளைப் பார்த்தார். "அடிங்க" என்றாள். தாளை உருவிக் கையெழுத்துப் போட்டாள். இது தலைமையகம் போனால் அண்ணாவின் பெயர் திரும்ப வருமோ வராதோ, அவள் பெயர் நிச்சயம் போய்விடும்.

"உங்களுக்குப் பைத்தியமா? என்னையும் சேத்து இழுக்கறீங்க" என்றார் தலைவர். "நான் பொய் சொல்லல. நினைவில்லன்னுதான் எழுதினேன்."

"இப்ப நினைவிருக்கா ஐயா?"

புலவர் கையை நீட்டித் தாளை வாங்கினார். நிதானமாக மேலிருந்து கீழே வாசித்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"டீச்சரம்மா, 'என சொன்னது'ன்னு போட்டிருக்கீங்க. 'எனச் சொன்னது'. ஒற்று மிகும்."

டீச்சருக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பேனாவைப் பிடுங்கிச் சன்னல் வழியாக எறிந்திருப்பாள். ஒற்றாம் ஒற்று! மனுஷி உயிரைப் பிழிந்து வைத்திருக்கிறாள், இவருக்கு ஒற்று. புலவர் அந்த ச்-ஐச் செருகினார். பிறகு அதே சிவப்பு மையில், அவள் கையெழுத்துக்குக் கீழே, 'இது எனக்கும் பொருந்தும்' என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டார். பேனாவை மூட முடியாமல் மூடியைத் தப்புத் தப்பாகச் செருகிக்கொண்டிருந்தார்.

தலைவர் எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். "நான் கையெழுத்துப் போட மாட்டேன். வசனம் நிலுவை. அச்சகத்துக்கு நீங்களே ஃபோன் பண்ணிச் சொல்லிக்கோங்க." கதவு சாத்திய சத்தத்தில் ஓர் அகராதி அலமாரியிலிருந்து விழுந்தது.

தாளுக்கு மூன்று நகல் எடுத்தார்கள். ஒன்று தலைமையகத்துக்கு, ஒன்று பதிவேட்டுக்கு. மூன்றாவதை டீச்சர் பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினாள். இறங்கி நடந்தாள். சந்தின் கோடியில், கீழ்வீட்டில் தையல் கடை, மேலே அண்ணாவின் வீடு. அழைப்பு மணியை அழுத்துவதற்குள் இரண்டு தடவை திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தாள்.

கதவைத் திறந்தது அண்ணி. 'வா' என்று சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தார், கதவை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை என்பதையே அழைப்பாக எடுத்துக்கொண்டு டீச்சர் நுழைந்தாள்.

அண்ணா மேசையில் யாருடைய பத்திரத்தையோ மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். இப்போது அதுதான் பிழைப்பு போலிருக்கிறது. மெலிந்திருந்தார். அவள் தாளை நீட்டினாள். அவர் வாங்கி வாசித்தார். வசனத்துக்கு வந்ததும் புருவம் உயர்ந்தது. கடைசி வரிக்கு வந்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"யாரு அடிக்கச் சொன்னது?"

"நான்தான்."

"எட்டு மாசம் ஆச்சு."

"ஆமாண்ணா."

"வேலை போனது போகட்டும்னு விட்டுட்டேன். பேரு போனதையும் பொறுத்துக்கிட்டேன். ஊரே பொய்யன்னு சொல்லுச்சு, சொல்லிட்டுப் போகட்டும்." அவர் குரல் உயர்ந்தது. பதினொரு வருடத்தில் அவள் கேட்டிராத குரல். "நீ ஏன் வரல? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ இந்தப் படியேறி வந்து, பயந்துட்டேன்ணான்னு சொன்னா என்ன? நான் உன்ன என்ன, கடிச்சா தின்னுடுவேன்?"

"என்ன மூஞ்சிய வெச்சிக்கிட்டு வர்றதுண்ணா?"

"இதே மூஞ்சியோடதான். வேற மூஞ்சி ஏதாவது இருக்கா உனக்கு?"

அவளுக்கு எட்டு மாதமாக வராதது அப்போது வந்தது. நின்றபடியே, கதவுப் பக்கம், பையைக்கூடக் கீழே வைக்காமல் அழுதாள். அவர் எழுந்து வந்து தேற்றவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை. பேனாவை எடுத்துப் பத்திரத்தில் இரண்டு வரி எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார்.

"உக்காரு" என்றார் கடைசியில், தலையைத் தூக்காமலே. "எனக்குக் கோபம் போகல. இன்னிக்குப் போகாது. இருந்தாலும் உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். உள்ளே அண்ணி பாத்திரத்தை ஓங்கி வைக்கும் சத்தம் கேட்டது. அன்று சாயங்காலம் விளக்குப் போடும்வரை அவர் அவளுடன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவளும் எழுந்து போகவில்லை.